ஈயம்: பெயர் ஒன்று, உலோகம் மூன்று

"ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" எனத் தெருவில் கூவி வரும் குரலைக் கேட்டிராத தமிழர் அரியர். அந்த வணிகர் கேட்கும் ஈயம் எது? நீங்கள் எடுத்துச் சென்று கொடுப்பது நசுங்கிப்போன சோற்றுப் பானையையும் பிடி கழன்ற வாணலியையும். அவை அலுமினியத்தால் ஆனவை. ஆனால் பித்தளைத் தேக்சாவுக்கு "ஈயம் பூச வேண்டும்" என்று நீங்கள் சொல்லும்போது குறிப்பிடுவது அலுமினியத்தை அன்று, அது வெள்ளீயம். கடற்கரை ஊர்களில் வலையின் ஓரத்தில் கட்டும் ஈயக்குண்டோ இவ்விரண்டும் அன்று, அது காரீயம்.

ஆக, ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு உலோகங்களை நாம் அழைத்து வருகிறோம். இவற்றுள் ஒன்று உணவைக் காக்கும் காவலன். மற்றொன்று, முறையறிந்து பயன்படுத்தினால் நல்ல பணியாள். மூன்றாவதோ உடலினுள் புகுந்தால், அதிலும் குழந்தையின் உடலினுள் புகுந்தால், மெல்லக் கொல்லும் நஞ்சு. பெயர் ஒன்றாயிருப்பதால் காவலன் நிற்க வேண்டிய இடத்தில் நஞ்சு வந்து அமர்ந்துவிடும் வாய்ப்பு உண்டு. எனவே, வாசகப் பெருமக்களே, குறிப்பாக அடுக்களைப் பொறுப்பைச் சுமக்கும் சகோதரிகளே, இம்மூன்றின் இயல்பையும் பிறப்பிடத்தையும் சற்று விரிவாகக் காண்போம்.

எடையே முதல் அடையாளம்

ஒரு லிட்டர் கொள்ளும் படி ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அதில் நீரை நிரப்பினால் எடை ஒரு கிலோ. அதே அளவு அலுமினியத்தின் எடை 2.7 கிலோ, வெள்ளீயத்தின் எடை 7.3 கிலோ, காரீயத்தின் எடை 11.3 கிலோ. கையில் எடுத்துப் பார்த்த அளவிலேயே அலுமினியம் மற்ற இரண்டினின்றும் வேறுபட்டு நிற்கும்.

உருகும் வெப்பநிலையிலும் இவை வேறுபடும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். காரீயம் 327 டிகிரியில் உருகும். அலுமினியம் உருக 660 டிகிரி வேண்டும். இந்த மூன்று எண்களையும் நினைவில் வையுங்கள். பின்னர் வரும் பல செய்திகளுக்கு இவையே திறவுகோல்.

நிறத்திலும் வேறுபாடு உண்டு. வெள்ளீயம் வெள்ளி போன்று வெண்மையாயிருக்கும்; காற்றுப் பட்டாலும் எளிதில் மங்காது. காரீயத்தைக் கத்தியால் கீறினால் அவ்விடம் நீலச்சாயலுடன் பளிச்சிடும். சிறிது நேரத்திலேயே சாம்பல் நிறமாகக் கறுத்துவிடும். தாளில் தேய்த்தால் கரிய கோடு விழும். எழுதுகோலின் உள்ளே இருப்பதையும் நாம் காரீயம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அது காரீயமே அன்று. கிராஃபைட் என்னும் ஒருவகைக் கரி. பிள்ளைகள் பென்சிலைக் கடித்தால் காரீய நஞ்சு ஏறிவிடும் என அஞ்ச வேண்டுவதில்லை.

வெள்ளீயம்: அடுக்களையின் காவலன்

வெள்ளீயத்தின் தாது ஆற்று மணலோடும் சரளையோடும் கலந்து கிடைப்பது. மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள கிந்தா பள்ளத்தாக்கு உலகப் புகழ்பெற்ற வெள்ளீயச் சுரங்கப் பகுதியாகும். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி உலகிலேயே மிகுதியான வெள்ளீயத்தைத் தந்த நாடு அதுவே. பினாங்கிற்கும் ஈப்போவிற்கும் கப்பலேறிச் சென்ற நம்மவர் பலர் கடை வைத்துப் பிழைத்த ஊர்கள், இந்த வெள்ளீயச் செல்வத்தால் வளர்ந்த ஊர்களே. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை வீழ்ந்தபோது அங்கே சுரங்கங்கள் பல மூடப்பட்டன. இன்று சீனம், இந்தோனேசியா, மியான்மர், பெரு முதலிய நாடுகளிலிருந்து பெருமளவு வெள்ளீயம் வருகிறது. இந்தோனேசியாவின் பங்கா, பெலித்தோங் தீவுகள் இதற்குப் பெயர் போனவை. நம் நாட்டில் சத்தீஸ்கர் மாநிலத்தின் பஸ்தர் பகுதியில் சிறிதளவு கிடைக்கிறது.

இவ்வுலோகத்தின் தனிச்சிறப்பு, உணவிலுள்ள மென்மையான புளிப்பு இதனை எளிதில் அரிப்பதில்லை என்பதே. செம்பும் பித்தளையும் அப்படியல்ல. செம்போடு துத்தநாகம் கலந்ததே பித்தளை. புளி, தயிர், தக்காளி, எலுமிச்சை ஆகியவற்றின் புளிப்பு செம்பைக் கரைக்கும். பச்சை நிறக் களிம்பு ஏறுவது அதனால்தான். அவ்வாறு கரைந்த செம்பு உணவோடு மிகுதியாக உட்சென்றால் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி உண்டாகும். பிரியாணிக்குத் தயிரும் தக்காளியும் எலுமிச்சையும் எவ்வளவு வேண்டும் என்பதை நீங்களே அறிவீர்கள். வலீமா விருந்துக்குப் படிக்கணக்கில் தயிர் ஊற்றி, மணிக்கணக்கில் தம் போட்டு வைக்கும் செம்புத் தேக்சாவின் உட்புறம் வெள்ளையாக இருக்க வேண்டியதன் காரணம் இதுதான். செம்பு வெப்பத்தை எங்கும் சீராகப் பரப்பும், சோறு அடிபிடிக்காது. உட்புறப் பூச்சு அச்செம்பினின்றும் உணவைப் பிரித்துக் காக்கும். இவ்விரண்டின் கூட்டே நல்ல தேக்சா.

பூசும் முறையும் அறியத்தக்கது. முதலில் பாத்திரத்தின் உட்புறத்தை மணலும் புளியும் இட்டோ அமிலம் கொண்டோ தேய்த்துப் பளபளப்பாக்குவர். பின்னர் துருத்தியூதும் உலையில் காயவைத்து நவச்சாரப் பொடியைத் தூவுவர். குபீரென்று வெண்புகை எழும். சூடேறிய செம்பின் மீது படியும் மாசினை அகற்றுவதே நவச்சாரத்தின் வேலை. மாசு அகன்ற செம்பில்தான் வெள்ளீயம் பற்றும். அடுத்து வெள்ளீயக் குச்சியை ஓரிரு இடங்களில் தேய்த்தவுடன் அது நீராக உருகும். பஞ்சாலோ துணியாலோ அதனை விரைந்து எங்கும் பரப்பிவிடுவர். இரும்புத் தகட்டில் இதே வெள்ளீயத்தைப் பூசினால் அதுவே நாம் தகரம் எனும் பொருளாகிறது. கடையில் வாங்கும் தகர டப்பாவும் வெள்ளீயத்தின் காவலில் இருப்பதே.

தஞ்சை, கும்பகோணப் பகுதிகளில் ரசம் வைக்கப் பயன்படும் ஈயச்சொம்பும் வெள்ளீயத்தால் ஆனது. 232 டிகிரியில் உருகும் உலோகத்தை எரியும் அடுப்பில் எவ்வாறு வைக்கிறார்கள்? உள்ளே நீர் இருக்கும்வரை பாத்திரத்தின் வெப்பம் நீர் கொதிக்கும் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். நீரின்றி வைத்தாலோ சில நிமிடங்களில் சொம்பு உருகிக் கவிழும். ஈயம் பூசிய தேக்சாவுக்கும் இதே விதி பொருந்தும். வெறும் தேக்சாவை அடுப்பில் காயவிடுவதும், அதில் எண்ணெயைப் புகையும்படி சூடேற்றுவதும், உள்ளே வறுப்பதும் பூச்சை உருக்கிக் குலைத்துவிடும்.

காரீயம்: இனிக்கும் நஞ்சு

காரீயத்தின் தாது கந்தகத்தோடு சேர்ந்த, உலோகப் பளபளப்புடைய கனத்த கல். இந்தியாவில் இராஜஸ்தானத்தின் சாவர், ராம்புரா அகூச்சா சுரங்கங்களில் துத்தநாகத்தோடு சேர்ந்து கிடைக்கிறது. உலக அளவில் சீனமும் ஆஸ்திரேலியாவும் குறிப்பிடத்தக்க இடம் பெறுகின்றன. ஆயினும் இன்று உலகில் பயன்படும் காரீயத்தில் பாதிக்கு மேல் சுரங்கத்திலிருந்து வருவதன்று. பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கி எடுப்பதே. உலகக் காரீயத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் வண்டிகளுக்கும் மின்தடைக் காலத்துக்கும் உதவும் பேட்டரிகளுக்கே செல்கிறது.

மென்மை, கனம், எளிதில் உருகுதல், துருப்பிடியாமை, மலிவு ஆகிய குணங்களால் மனிதன் இதனை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விரும்பி ஏற்றான். ரோமாபுரியினர் நீர்க்குழாய்களைக் காரீயத்தால் செய்தனர். திராட்சைச் சாற்றைக் காரீயப் பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சினர். சாற்றின் புளிப்போடு சேர்ந்து காரீயம் ஓர் உப்பாக மாறும், அவ்வுப்பு இனிக்கும்! நஞ்சு கசக்கும் என்பது பொது நம்பிக்கை. இந்நஞ்சோ நாவிற்கு இனிது. உணவில் கலந்தால் காட்டிக்கொடுக்காது.

உடலினுள் இது செய்யும் தீங்கு யாது? சுண்ணாம்புச் சத்தைப் போல நடித்து இது உட்புகும். குருதியில் கலந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் செல்லும். எஞ்சியது எலும்பில் தங்கி ஆண்டுக்கணக்கில் கிடக்கும். வளர்ந்தவர்களைவிடக் குழந்தைகளின் குடல் நான்கைந்து மடங்கு மிகுதியாகக் காரீயத்தை உறிஞ்சும் என உலக நலவாழ்வு அமைப்பு கூறுகிறது. தாயின் எலும்பில் முன்பே தேங்கிய காரீயம் கருவுற்ற காலத்தில் மீண்டும் குருதியில் கலந்து கருவிலிருக்கும் சிசுவையும் அடையும். மிகுதியானால் இரத்தச்சோகை, வயிற்றுவலி, வலிப்பு முதலியன தோன்றும். குறைவாயிருந்தால் வெளியே ஓர் அடையாளமும் தெரியாது. அறிவு வளர்ச்சியும் கவனமும் மட்டும் குன்றும்.

இதனை மெய்ப்பித்த ஆய்வொன்று தாய்மார்கள் அறியத்தக்கது. ஹெர்பர்ட் நீடில்மன் என்னும் அமெரிக்க மருத்துவர், பள்ளிச் சிறார்களிடமிருந்து விழுந்த பாற்பற்களைச் சேகரித்தார். பல்லில் தேங்கிய காரீயத்தின் அளவை அளந்து, அதே பிள்ளைகளின் அறிவுத்திறனையும் வகுப்பறை நடத்தையையும் ஒப்பிட்டார். காரீயம் மிகுந்த பல்லுடைய பிள்ளைகள் அறிவுத்தேர்விலும் கவனத்திலும் பின்தங்கியிருந்தனர். இத்தனைக்கும் அவர்கள் எவரும் நோயாளிகளாகத் தோன்றவில்லை. 1979-இல் இம்முடிவுகள் வெளியாயின. காரீயத்தில் "இவ்வளவு வரை தீங்கில்லை" எனச் சொல்லத்தக்க அளவே அறியப்படவில்லை என்பது உலக நலவாழ்வு அமைப்பின் இன்றைய நிலைப்பாடு.

வண்டிகளின் எஞ்சின் அதிராமல் ஓடப் பெட்ரோலில் காரீயச் சேர்மம் ஒன்றைக் கலக்கும் வழக்கம் 1920-களில் அமெரிக்காவில் தோன்றி உலகெங்கும் பரவியது. பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் எனக் கணித்துரைத்த கிளேர் பேட்டர்சன் என்னும் அறிவியலார், தம் ஆய்வுக்காகக் காரீயத்தை அளக்கப் போய், காற்றிலும் கடலிலும் மனிதன் அதை எவ்வளவு கலந்துவிட்டான் என்பதைக் கண்டு 1965-இல் எச்சரித்தார். அதன்பின்னும் நெடுங்காலம் சென்றது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியிலிருந்து காரீயமற்ற பெட்ரோலே விற்கப்படுகிறது. உலகில் கடைசியாக 2021-இல் அல்ஜீரியா அதை நிறுத்தியது.

வாகனப் புகையிலிருந்து காரீயம் நீங்கியது. ஆனால் இல்லத்திலிருந்து நீங்கிவிட்டதா? யுனிசெஃப் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, உலகச் சிறார்களில் மூவரில் ஒருவர், அதாவது ஏறத்தாழ 80 கோடிப் பேர், 100 மில்லி குருதியில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் உடையவர் என மதிப்பிட்டது. இவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் தெற்காசியாவில் வாழ்பவர்கள். 5 மைக்ரோகிராம் என்பது, காரீயம் எங்கிருந்து வருகிறது எனத் தேடிக் கண்டு நிறுத்த வேண்டிய அளவாக உலக நலவாழ்வு அமைப்பு வகுத்ததாகும்.

ஈயம் பூசும் இடத்தில் நேரும் கலப்பு

இப்போது நம் தேக்சாவுக்கு வருவோம். வெள்ளீயத்தின் விலை காரீயத்தின் விலையைப் போல் பத்து மடங்கிற்கும் மேல். மலிவானதைக் கலக்க இதுவே போதிய தூண்டுதல். இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் சேர்ந்தால் அக்கலவை 183 டிகிரியிலேயே உருகிவிடும். தனித்தனியே உருகுவதைவிடக் குறைந்த சூட்டில் உருகுவதால் கைவேலைக்கு அது எளிது. வானொலி, மின்கருவிகளைப் பழுதுபார்ப்போர் கம்பிகளை ஒட்டப் பன்னெடுங்காலமாகப் பயன்படுத்துவது இத்தகைய கலவையையே. இதற்கும் "ஈயம்" என்றே பெயர்! கடையில் "ஈயம் கொடுங்கள்" என்று கேட்டால் எந்த ஈயம் கைக்கு வரும் என்பதற்கு உறுதி ஏது?

காரீயம் கலந்த பூச்சும் பார்வைக்கு வெண்மையாகவே இருக்கும். அதில் புளிக்குழம்பும் தயிர் சேர்ந்த இறைச்சியும் மணிக்கணக்கில் கொதித்தால் காரீயம் உணவில் கரையும். செம்பின் தீங்கைத் தடுக்கப் போட்ட வேலியே பயிரை மேய்ந்த கதைதான் அது.

பூசும் தொழிலாளியைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. உலையின் முன் அமர்ந்து அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் அவர்தாம். தூய வெள்ளீயம் அவருக்கும் நன்மையே. எனவே கூலியைக் குறைத்துப் பேரம் பேசுவதை விடுத்து, நம்பகமான உலோகக் கடையில் தூய வெள்ளீயக் குச்சியை நீங்களே வாங்கிக் கொடுத்து, கூலியைத் தனியே தருவது இரு தரப்புக்கும் நல்லது.

குச்சியைச் சோதிக்கப் பழைய முறை ஒன்று உண்டு. தூய வெள்ளீயக் குச்சியைக் காதருகே வைத்து வளைத்தால் நறநறவென்று மெல்லிய ஒலி கேட்கும். உலோகத்தின் உள்ளேயுள்ள படிகங்கள் இடம் மாறுவதால் எழும் ஒலி அது. காரீயம் வளையும்போது ஊமையாக வளையும். ஒலியே இல்லாத குச்சியை ஏற்காதீர்கள். சிறிதளவு கலப்பை இம்முறையால் கண்டுபிடிக்க இயலாது. அதற்கு ஆய்வுக்கூடச் சோதனையே வழி. பெரும் விருந்துகளுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் ஜமாஅத்துகளும் சங்கங்களும், ஆண்டுக்கொரு முறையேனும் குச்சியின் துண்டொன்றை உலோகச் சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்ப்பது ஊருக்கே செய்யும் உதவியாகும்.

ஓட்டை விழுந்த பாத்திரத்துக்குப் பற்று வைக்கும் வழக்கத்திலும் கவனம் தேவை. பற்று வைக்கும் ஈயத்தில் பெரும்பாலும் காரீயம் உண்டு. அவ்வாறு செப்பனிட்ட குடத்தைச் செடிக்கு நீரூற்ற வைத்துக்கொள்ளுங்கள். குடிநீருக்கும் சமையலுக்கும் வேண்டா.

கண்ணுக்கு இடும் சுர்மா

காரீயம் நம் இல்லங்களில் நுழையும் இன்னொரு வாயிலைச் சொல்லாமல் விடலாகாது. சுர்மா இடும் வழக்கம் நம் குடும்பங்களில் பரவலாக உண்டு. ஹதீஸ்களில் கூறப்படும் "இத்மித்" என்னும் சொல்லுக்கு அஞ்சனக்கல் என்றே பெரும்பாலோர் பொருள் கொள்வர். அது ஆன்டிமணி எனும் வேறோர் உலோகத்தின் தாது. ஆனால் இன்று பல நாடுகளில் சுர்மா என்ற பெயரில் விற்கப்படும் பொடிகளை ஆய்வுக்கூடங்களில் சோதித்தபோது, அவற்றுள் பல பெருமளவு காரீயத் தாதுவின் பொடியாகவே இருக்கக் காணப்பட்டது. இரண்டும் பளபளக்கும் கரிய கற்கள். அரைத்தால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. இங்கும் பெயர் ஒன்று, பொருள் வேறு! அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் இத்தகைய மைகளைக் கண்ணில் இட அனுமதிப்பதில்லை.

பெரியவர் கண்ணில் இடும் சுர்மா விரலில் ஒட்டி உணவில் கலக்கும். குழந்தையோ கண்ணைக் கசக்கிய விரலையே வாயில் வைக்கும். ஆய்வுச் சான்று இல்லாத சுர்மாவைக் குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் இடாதிருப்பதே அறிவுடைமை. பிறந்த குழந்தையின் கண்ணுக்கு எந்த மையும் தேவையில்லை.

அலுமினியம்: மலிவான பணியாள்

நிலத்தின் மேலோட்டில் மிகுதியாக உள்ள உலோகம் அலுமினியம். ஏறத்தாழ 8 சதவீதம். ஆயினும் மனிதன் இதைக் கண்டது மிகப் பிற்காலத்தில்தான். காரணம், பிராணவாயுவோடு அது கொண்ட பிணைப்பு எளிதில் விடாதது. 1825-இல் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்ட பின்னும் பல்லாண்டுகள் அரும்பொருளாகவே இருந்தது. 1884-இல் அமெரிக்கத் தலைநகரின் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் அலுமினியக் கூம்பொன்றை வைத்துப் பெருமைப்பட்டனர்.

1886-இல் அமெரிக்காவில் சார்லஸ் ஹாலும் பிரான்சில் பால் எரூவும் ஒருவரையொருவர் அறியாமலேயே ஒரே முறையைக் கண்டனர். பாக்சைட் என்னும் செம்மண் போன்ற தாதுவிலிருந்து எடுத்த வெண்பொடியைக் கிரையோலைட் என்னும் உப்பின் உருகிய குழம்பில் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால் உலோகம் அடியில் சேரும். இருவரும் பிறந்தது 1863-இல். இருவரும் மறைந்ததும் ஒரே ஆண்டில், 1914-இல்!

நான்கு டன் பாக்சைட்டிலிருந்து ஒரு டன் அலுமினியம் கிடைக்கும் எனக் கொள்ளலாம். ஆஸ்திரேலியா, கினி, சீனம் ஆகியன முதலிடங்களில் உள்ளன. இந்தியாவில் ஒடிசா முன்னணியில் நிற்கிறது. தமிழகத்தில் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் உண்டு. மேட்டூரில் பல ஆண்டுகள் அலுமினிய உருக்காலை இயங்கியது. தாதுவைவிட மின்சாரமே இதில் பெருஞ்செலவு. ஒரு கிலோ அலுமினியத்துக்கு 13 முதல் 15 யூனிட் வரை மின்சாரம் செலவாகும். தாது வெளிநாட்டிலிருந்து வந்தாலும், இயற்கை எரிவாயுவால் மின்சாரம் எடுக்க முடிந்ததால் பஹ்ரைனில் 1971-இலும் துபாயில் 1979-இலும் பெரும் உருக்காலைகள் எழுந்தன. வளைகுடாவில் உழைக்கும் நம் சகோதரர்கள் இவற்றின் பெயரைக் கேட்டிருப்பார்கள்.

பழைய அலுமினியத்தை மீண்டும் உருக்குவதற்கோ, தாதுவிலிருந்து எடுக்க ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ 5 சதவீதமே போதும். நசுங்கிய பானைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தும் வணிகருக்கு ஆதாயம் மிஞ்சுவதன் இரகசியம் இதுவே.

இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழில் தோன்றிய ஊர் சென்னை. சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர் 1898-இல் இதனைத் தொடங்கி உள்ளூர்க் கைவினைஞர்களைப் பழக்கினார். ஈயம் பூச வேண்டாத, எடை குறைந்த, வெண்மையான இப்பாத்திரங்கள் விரைவில் ஏழைகளின் அடுக்களையை அடைந்தன. பழகிய பெயரையே மக்கள் புதிய உலோகத்துக்கும் சூட்டினர்.

அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோல் ஒன்று தானாகவே படர்ந்து அதனைக் காக்கிறது. புளிப்பும் உப்பும் சோடாக்காரமும் அத்தோலை அரிக்கும். புளிக்குழம்பு வைத்த பானையின் உட்புறம் பளிச்சிடுவதும் ஊறுகாய் வைத்ததில் குழிகள் விழுவதும் இதனாலே. சோறு வடிக்கவும் பால் காய்ச்சவும் அலுமினியம் தகும். நோன்புக் கஞ்சியும் இதில் காய்ச்சலாம். ஆனால் புளிச்சாறு, ஊறுகாய், தயிர் ஆகியவற்றை இரவு முழுதும் அதில் வைத்தல் ஆகாது. கரையும் சிறிதளவு அலுமினியத்தை நலமான சிறுநீரகம் வெளியேற்றிவிடும். சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மறதிநோய்க்கு அலுமினியப் பாத்திரமே காரணம் என்னும் பேச்சு மெய்ப்பிக்கப்படவில்லை.

உண்மையான அச்சம் வேறிடத்தில் உள்ளது. எஞ்சின் துண்டுகள், பழைய வண்ணம் பூசிய தகடுகள், பேட்டரிப் பகுதிகள் எனக் கண்டதையும் ஒன்றாக உருக்கி வார்க்கும் பாத்திரங்களில் காரீயம் கலந்துவிடும். அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பகுதியில் குடியேறிய ஆப்கானிய அகதிக் குழந்தைகளின் குருதியில் காரீயம் மிகுந்திருந்தது ஏன் என ஆராய்ந்த நலத்துறையினர், அக்குடும்பங்கள் தாயகத்திலிருந்து அன்போடு கொண்டுவந்த அலுமினியச் சமையற் பாத்திரங்களிலிருந்து காரீயம் கசிவதைக் கண்டனர். 2022-இல் அவ்வாய்வு வெளியானது. அன்னையின் கைப்பக்குவத்தைச் சுமந்து வந்த பாத்திரமே பிள்ளைக்கு நஞ்சூட்டியது என்பது எத்துணை வேதனைக்குரியது!

நீங்கள் செய்ய வேண்டியவை

ஈயம் பூசும்போது தூய வெள்ளீயம் என உறுதி செய்துகொள்ளுங்கள். உட்புறம் செம்பு நிறம் தெரியத் தொடங்கினால் மறுபூச்சுக்கு அனுப்புங்கள். கம்பி நாரால் தேய்க்காமல் மென்மையான நாரால் துலக்குங்கள்.

அலுமினியப் பாத்திரம் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். பெயரும் முத்திரையும் அற்ற, சொரசொரப்பான, கனத்த வார்ப்புப் பாத்திரங்களைச் சமையலுக்குத் தவிர்த்திடுங்கள். புளிப்பான உணவுக்கு எவர்சில்வரும் மண்சட்டியும் ஏற்றவை. மண்சட்டி பளபளப்புப் பூச்சு இல்லாததாக இருக்கட்டும், ஏனெனில் சில பூச்சுகளிலும் காரீயம் சேர்ப்பர்.

வீட்டு வண்ணங்களில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டலாகாது என இந்தியாவில் 2017 நவம்பர் முதல் விதி நடப்பில் உள்ளது. அதற்கு முன் வண்ணம் அடித்த கதவு, சன்னல்களை உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். நனைத்துச் சுரண்டி, துகளைத் துடைத்தெடுங்கள். அவ்வேளையில் குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அங்கே இருக்கலாகாது.

பழைய பேட்டரியை வீட்டில் உடைக்காதீர்கள். உரிமம் பெற்றவரிடமோ புதியது வாங்கும் கடையிலோ கொடுத்துவிடுங்கள். பேட்டரி, வண்ணம், பற்றவைப்புத் தொழில் செய்வோர் வீடு திரும்பியதும் உடைமாற்றிக் குளித்த பின்னரே பிள்ளைகளைத் தூக்க வேண்டும். அவ்வுடைகளைத் தனியே துவையுங்கள். வலைக்கு ஈயக்குண்டு உருக்கி வார்ப்பது அடுக்களை அடுப்பில் வேண்டா.

பிள்ளைகளுக்கு இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் நிறைந்த உணவு கொடுங்கள். கீரை, பால், பேரீச்சம்பழம், கேழ்வரகு, மீன் ஆகியவை போதும். அச்சத்துகள் குறைந்த உடலில்தான் காரீயம் எளிதில் ஏறும். ஐயம் எழுந்தால் மருத்துவரிடம் சொல்லிக் குருதியில் காரீய அளவைச் சோதிக்கக் கேளுங்கள்.

இத்தனையும் செய்யப் பெருஞ்செலவு இல்லை. அடுத்த முறை "ஈயம்" என்று எவரேனும் சொன்னால், "வெள்ளீயமா, காரீயமா, அலுமினியமா?" என்று கேளுங்கள். ஒரு நொடியில் கேட்டு முடியும் கேள்வி இது. அதற்குச் சரியான விடை கிடைத்த பின்னரே தேக்சா உலைக்குச் செல்லட்டும்; பாத்திரம் அடுப்பில் ஏறட்டும்.